ஜனாதிபதி வந்து போன பிறகு

கோலாஹுன்
9 மார்ச் 1986

அன்புள்ள யேமாவுக்கு,

அக்கா டென்னே எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? கிஸ்ஸியில் உன் அறைக் கூரை இன்னும் ஒழுகுகிறதா, அல்லது வீட்டுக்காரிக்கு இரக்கம் வந்துவிட்டதா? இங்கே எப்படி என்றால், நாம் எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: கடவுள் மேல் குறை இல்லை. தையல் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் மட்டும் முனகுகிறது.

பெரிய செய்தி ஒன்று. ஜனாதிபதி நம் ஊருக்கு வருகிறார்! பழையவர் இல்லை, போன வருடம் புதிதாக வந்தாரே, அவர். மே மாதம், மழை பிடிக்கும் முன்னால், ஆற்றுப் பாலத்தைத் திறந்து வைக்க வருகிறார். எந்தப் பாலம் என்று கேட்காதே. இந்தக் கரையில் ஒரு தூண், அந்தக் கரையில் ஒரு தூண், நடுவில் ஆறு. அவ்வளவுதான் இருக்கிறது. லஹாய் பெரியவரிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். "அவரு வர்ற தேதி முடிவாயிட்டா பாலம் தானா வந்துரும். நீ ஆட்டத்தப் பாரு" என்று விரட்டிவிட்டார்.

என் புருஷன் மொய்வா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் அண்ணன் லஹாய் ஊர்ப் பெரியவர் ஆகி ஒரு வருடம். தம்பி போன துக்கத்தில் இளைத்த மனிதர், பதவி வந்ததும் இரண்டு மடங்காகிவிட்டார். இப்போது ஊரில் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். பள்ளிக்கூடத்துக்குக் கூரை? ஜனாதிபதி வந்து போகட்டும். மருத்துவமனைக்கு நர்ஸ்? ஜனாதிபதி வந்து போகட்டும். அவருடைய முதல் மனைவி ஜெபேயின் ஆடு என் மரவள்ளியை மேய்ந்துவிட்டது என்று நியாயம் கேட்கப் போனேன். அதற்கும் ஜனாதிபதிதான் வர வேண்டுமாம்.

பெண்கள் ஆட்டம் என் பொறுப்பு. நாற்பது பேர். எல்லாருக்கும் ஒரே துணியில் ஆஷோபி உடுப்பு தைக்க வேண்டும், துணியில் ஜனாதிபதி முகம் இருக்க வேண்டும். அங்கே கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்து அனுப்பு. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் சாஃபா, லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். குடிப்பதில்லை. வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்கிறார். சமைக்க ஆளில்லாமல் ரொட்டியும் டின்னில் அடைத்த சார்டின் மீனும் தின்று காலம் தள்ளுகிறார், ஆகவே சோறு போட்டு அனுப்பு. பாவம், மெலிந்திருக்கிறார்.

உன் நலம் கேட்டு எழுதும்
அக்கா டென்னே


ஃப்ரீடவுன்
30 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

யேமாவின் வணக்கம். உன் முழங்காலுக்குச் சூடாக்கிய பனை எண்ணெய் தடவு. கூரை ஒழுகுகிறது; அதற்கும் கடவுள் மேல் குறை இல்லை, குறையெல்லாம் வீட்டுக்காரி மேல்தான்.

உன் மெலிந்த மனிதர் வந்தார். மரவள்ளி இலைக் குழம்பு வைத்திருந்தேன். பானையின் அடி தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தார். கை கழுவிவிட்டு, சுவரில் மாட்டியிருக்கிற உன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது எப்ப எடுத்தது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "இதவிட இப்ப நல்லா இருக்காங்க" என்றார், ஏதோ டயரைப் பற்றிச் சொல்வது போல. அக்கா, உன் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். ஜனாதிபதியைவிடச் சாஃபாவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறாய். என்ன விஷயம்?

துணி வாங்கிவிட்டேன். கடைத்தெரு முழுவதும் அலைந்து, கடைசியில் ஒரு லெபனான்காரர் கடையில் மூட்டையாகக் கிடைத்தது. கட்டைப் பிரிக்காமலே கொடுத்தார். "ஜனாதிபதி முகம்தானே?" என்று கேட்டேன். "சத்தியமா ஜனாதிபதிதாம்மா" என்று நெஞ்சில் கை வைத்தார்.

இங்கே எல்லாருக்கும் புதியவர் மேல் ஒரு ஆசை இருக்கிறது. மின்சாரம் இல்லை, அரிசிக்கு வரிசை, சம்பளம் வருவது போல வந்து பாதி வழியில் நின்றுவிடுகிறது. இருந்தாலும், "பாவம், இப்பத்தானே வந்திருக்காரு, கொஞ்சம் டைம் குடுங்க" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். என் வேலை உனக்குத் தெரியும். வானொலிக்குப் போகும் அரசாங்கச் செய்திகளைத் தட்டச்சு செய்வது. அவர் எந்த ஊருக்குப் போனாலும், போய் வந்த செய்தியைப் புறப்படும் முன்பே அடித்து வைத்துவிடுவோம். மாலையில் வாசிப்பார்கள். ஏதாவது மாறினால் ஃபோன் வரும், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு அடிப்போம். "ஜனங்க எப்பவும் ஆரவாரமாத்தான் வரவேற்பாங்க யேமா, அதுக்கு எதுக்குச் சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்?" என்பார் மேலதிகாரி டெக்கர் ஐயா. சிரிக்க மாட்டார்.

கேள்விக்குப் பதில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
யேமா


கோலாஹுன்
27 ஏப்ரல் 1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. இந்தக் கடிதத்தைக் கஞ்சிப் பசை போட்டு இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். கொண்டு வருகிறவர் படித்துவிடக் கூடாது.

ஆமாம். நீ நினைத்ததுதான். போதுமா? வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. இந்த வயதில் லாரிச் சத்தம் கேட்டால் மிஷினில் ஊசி தடம் மாறுகிறது. போன வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டேன்.

சாஃபா தன் மாமாவோடு வந்து, முறைப்படி இலையில் சுற்றிய கோலாக் கொட்டையை லஹாய் பெரியவர் முன்னால் வைத்தார். நீ நகரத்துக்குப் போய் வழக்கத்தை மறந்திருப்பாய். நான் மொய்வா வீட்டுப் பெண். அவர் அண்ணன் அந்தக் கோலாவைக் கடித்துவிட்டால் நான் யாரையும் கட்டிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்துவிட்டால் அண்ணன் வீட்டுக்கே போக வேண்டும், நான்காவது மனைவியாக. பெரியவர் கடிக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. எடுத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது வீட்டு விஷயம். ஊரே எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற நேரத்துல வீட்டு விஷயமா பேசறது? ஜனாதிபதி வந்து போகட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, யேமா. ஆனால் நான் போய்விட்டால் ஆட்டக்காரிகளை யார் கட்டி மேய்ப்பது என்ற கவலை அவருக்கு. என் சமையல் மேலும் கொஞ்சம் கண்.

அடுத்தது துணி. நேற்று எல்லாரும் கூடி மூட்டையைப் பிரித்தோம். நான் ஒரு பக்கம், ஜெபே ஒரு பக்கம் பிடித்து விரித்தோம். முகம் தெரிந்தது. ஜனாதிபதிதான், சந்தேகமே இல்லை. பழைய ஜனாதிபதி! நாற்பது பேருக்கு, மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, எங்கு பார்த்தாலும் அந்தக் கிழவர் சிரிக்கிறார். ஜெபே தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பெரியவர் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். "புது ஆளு வர்றப்ப பழைய ஆள மாட்டிக்கிட்டு ஆடுனா என் பதவி என்னடி ஆகும்?" என்றார். வேறு துணி வாங்க வழி இல்லை. என்ன செய்வது?

கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு எழுதும்
அக்கா


ஃப்ரீடவுன்
11 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கட்டிலில் விழுந்து சிரித்தேன், பிறகு உன்னை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். எனக்குத் தெரிந்து, மொய்வா அத்தான் போன பிறகு நீ 'சந்தோஷம்' என்று எழுதியிருப்பது இதுதான் முதல் தடவை.

லெபனான்காரரிடம் சண்டைக்குப் போனேன். "நான் பொய்யா சொன்னேன்? ஜனாதிபதியா இல்லையா, சொல்லுங்க" என்கிறார். பெரிய மாநாட்டுக்கு என்று பழையவர் காலத்தில் அச்சடித்ததாம், இன்னும் கிடங்கு நிறைய இருக்கிறதாம். புதியவர் முகம் அச்சடிக்க மை இறக்குமதி ஆகவில்லையாம்.

ஒரு யோசனை சொல்கிறேன். முகம் இருக்கிற இடமெல்லாம் பை வைத்துத் தைத்துவிடு. மிச்சத் துணியில் பூவேலை இருக்குமே, அதில் சதுரம் வெட்டி மேலே போடு. முகம் பைக்குள் போய்விடும்.

அவசரமும் இல்லை. மே மாதப் பயணம் தள்ளிப் போய்விட்டது. நேற்று நானே அடித்தேன்: "தவிர்க்க முடியாத காரணங்களால்." அந்தக் காரணம் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மழை முடிந்து வருவாராம்.

சாஃபா அண்ணன் இந்த முறை வாசலிலேயே, "கடிதத்துல என்னப் பத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "டயர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றேன். குழம்பிப்போய்ச் சாப்பிட்டார். சாப்பாடு மட்டும் குறையவில்லை.

அன்புடன்
யேமா


கோலாஹுன்
20 ஜூலை 1986

அன்புள்ள யேமாவுக்கு,

இங்கே மழை. துணி காயவில்லை, விறகு எரியவில்லை, என் மிஷின் மட்டும் ஓடுகிறது. உனக்கு இருமல் வரும் காலம் இது. கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

உன் யோசனை பலித்துவிட்டது. எல்லா உடுப்புகளிலும் பை! மார்பில் இரண்டு, இடுப்பைச் சுற்றி நான்கு. இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இத்தனை பை இருந்ததில்லை. ஒத்திகைக்கு வரும்போதே மூக்குப்பொடி, வறுத்த வேர்க்கடலை, பிள்ளையின் தொப்பி என்று ரொப்பிக்கொண்டு வருகிறார்கள். ஜெபே தன் பைக்குள் கையை விட்டு, "தாத்தா, தூங்குறியா?" என்று கேட்டு எல்லாரையும் ஆட்டத்தில் தடுமாற வைக்கிறாள். பெரியவர் மட்டும், ஜனாதிபதி எதிரில் ஒரு பை கிழிந்துவிட்டால் என்ன ஆகும் என்று இரவும் பகலும் புலம்புகிறார்.

சிரிப்பை இத்தோடு நிறுத்துகிறேன். போன வெள்ளிக்கிழமை பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். புது நாற்காலி ஒன்று கொண்டு வந்தார், எனக்காம். உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஆற்றைப் பற்றிப் பேசினார். எழுந்து போகும்போது, "டென்னே, நான் முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஜனாதிபதி வந்துட்டாருன்னா, சாஃபா கோலாவ ஊர் முன்னாடியே கடிக்கிறேன். வரலேன்னா, நான் வேற என்ன செய்ய? கோலா காஞ்சு போச்சுன்னு திருப்பிக் குடுத்துருவேன். நீ நம்ம வீட்டுக்கு வந்துரணும். கூடத்துல இந்த நாற்காலிய உனக்குப் போட்டுருவோம்" என்றார்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கும் ஜனாதிபதிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல எதுக்குத்தான் சம்பந்தம் இல்ல?" என்றார்.

அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. கோழி ஏறி முட்டை இட்டிருக்கிறது.

யேமா, எனக்குப் பயமாக இருக்கிறது. சாஃபாவிடம் சொல்லவில்லை, மழையில் வண்டி ஓட்டுகிற மனிதருக்குக் கவலை வேண்டாம். அந்த ஜனாதிபதி வருவாரா? உன் அலுவலகத்தில் கேட்டுச் சொல்.

அக்கா


ஃப்ரீடவுன்
31 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் வந்தது, போய்விட்டது. உன் கடிதம் மழையில் நனைந்து வந்தது. சாஃபா அண்ணன் சட்டைக்குள் வைத்திருந்தும் நனைந்துவிட்டதாம். பாதி வழியில் மரம் விழுந்து இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்தாராம். "கடிதம் காஞ்சாச் சரி" என்றார்.

அந்த லஹாய் பெரியவர் நாற்காலியை ஆற்றில் விடு! எனக்கு வந்த கோபத்தில் அன்று அடித்த அறிக்கையில் ஓர் அமைச்சரின் பெயரில் மூன்று பிழை. டெக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "உங்க ஊர்ல ஒரு கல்யாணம்தான் காத்துக்கிட்டு இருக்கு. இங்க என் பென்ஷன், என் மகன் வேலை, பக்கத்து வீட்டுத் தண்ணிக் குழாய் எல்லாமே அவருக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

புதுத் தேதி வந்திருக்கிறது: நவம்பர் 15. ஹெலிகாப்டரில் வருகிறார். கோலாஹுன் பெயர் பட்டியலில் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். திட்டமிட்டபடி வந்தால் உன் கல்யாணம் நடக்கும். வராமல் போனால்... அதை அப்போது பார்த்துக்கொள்வோம். நீ ஆட்டத்தை மட்டும் விடாதே.

அன்புடன்
யேமா


கோலாஹுன்
13 நவம்பர் 1986

யேமா,

எல்லாரும் நலம், இரண்டே வரி எழுதுகிறேன், வேறொரு வண்டி புறப்படுகிறது. மாடு வாங்கியாகிவிட்டது. பந்தல் போட்டாகிவிட்டது. பாலத்துக்கு ஆள் வந்தார்கள். தூண்களுக்கு வெள்ளை அடித்துவிட்டு, ஒரு சிவப்பு நாடாவும் கத்தரிக்கோலும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து ஊர் பெண்டூமாவின் பெரியவரை அழைத்தோம். "உங்க ஊருக்கெல்லாம் அவரு எங்க வரப்போறாரு" என்று சிரித்துவிட்டு வர மறுத்துவிட்டார். லஹாய் பெரியவர் அன்றிலிருந்து சாப்பிடவில்லை. நானும்தான், வேறு காரணத்துக்கு.

அக்கா


கோலாஹுன்
17 நவம்பர் 1986

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள யேமா,

உடம்பெல்லாம் வலி, தொண்டை போய்விட்டது, கடவுள் மேல் கொஞ்சமும் குறை இல்லை! நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலையிலிருந்தே வெயிலில் நின்றோம். பள்ளிப் பிள்ளைகள் கையில் பனை ஓலை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு சத்தம் கேட்டது. வந்தது ஹெலிகாப்டர்! மேளம் முழங்கியது, நாங்கள் நாற்பது பேரும் ஆடினோம், பையிலிருந்த வேர்க்கடலை எல்லாம் சிதறியது. அது நேராக வந்தது. எங்கள் தலைக்கு மேல் வந்தது. அப்படியே மலைப் பக்கம் போய்விட்டது. இறங்கவில்லை. மெதுவாகக்கூடப் போகவில்லை.

"ஜன்னல்ல ஒரு கை தெரிஞ்சுது, ஆட்டுனாரு" என்றாள் ஜெபே.

"கை இல்ல, காது" என்றாள் இன்னொருத்தி.

பெரியவர் கழுத்தை நிமிர்த்தியபடியே நின்றார். திரும்பி வரும் என்று நினைத்தார் போல. வரவில்லை. கிட்டத்தட்ட எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "வரலியே டென்னே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். சாஃபா வண்டியில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

மாட்டை வெட்டியாகிவிட்டது, சமைத்தாகிவிட்டது. வீணாக்குவதா? சாயங்காலம் பெரியவர் வீட்டு முற்றத்தில் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தோம். சாவு வீட்டில் சாப்பிடுவது போல இருந்தது. வழக்கப்படி பெரியவர் ரேடியோவைத் திருகினார்.

யேமா, கேள்: "இன்று கோலாஹுன் நகருக்கு வருகை தந்த மேதகு ஜனாதிபதி அவர்களை மக்கள் ஆரவாரமாக வரவேற்றனர். அங்கு புதிய பாலத்தைத் திறந்து வைத்து அவர் உரையாற்றினார்."

வாயில் வைத்த சோறு வாயிலேயே நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஜெபேயாகத்தான் இருக்கும். ஊரே உருண்டு புரண்டு சிரித்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் திரியும் பையன்கள் நான்கைந்து பேர் மூலையில் இருந்தார்கள், அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

பெரியவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, ஆற்றைப் படகில் தாண்டி யார் வந்தது தெரியுமா? பெண்டூமா பெரியவர், கையில் விளக்கு, பின்னால் நான்கு ஆள், முகம் சுண்டைக்காய் அளவு.

"லஹாய், ரேடியோவுல சொன்னாங்க. நான் நெனைக்கல. நெசமாவே வந்துட்டுப் போயிட்டாரா?"

எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவர் எழுந்தார். அவர் நெஞ்சு மெல்ல மெல்ல விரிந்ததை நான் பார்த்தேன்.

"வந்தாரு" என்றார். "வராம? என் கையப் புடிச்சு அரைமணி நேரம் பேசினாரு. உக்காருங்க, மாடு அவருக்காக வெட்டினதுதான், சாப்பிடுங்க."

நான் எழுந்தேன். உள்ளே போய், ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த கோலாவை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். சாஃபா மாதாமாதம் புதிதாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தார், அதனால் ஈரமாகவே இருந்தது.

"பெரியவரே, ஜனாதிபதி வந்துட்டுப் போயிட்டாரு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பெண்டூமா பெரியவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "வரவில்லை" என்று அவர் சொல்லியிருக்கலாம், யேமா. ஆனால் அந்த விருந்தாளி முன்னால் அந்தச் சொல் அவர் வாயில் எப்படி வரும்? கோலாவை வாங்கினார். கடித்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. "கசக்குது" என்றார், பிறகு சிரித்துவிட்டார். "உன் கெட்டிக்காரத்தனத்துக்கு என் வீடு பத்தாது டென்னே, போ."

சாஃபா வண்டிக்குள் ஏறி ஹாரனை அடித்தார். விடவே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தார். பெண்டூமா ஆட்கள் இதுவும் ஜனாதிபதி வழக்கம் போல என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 20 கல்யாணம். உடனே பதில் போடு, லீவு சொல்லிவிட்டு வா. ரேடியோவில் எப்படி அப்படிச் சொன்னார்கள்? எழுது.

உன்
அக்கா


கோலாஹுன்
11 ஜனவரி 1987

அன்புள்ள யேமாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு என்ன? கல்யாணத்தன்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு வந்தேன். நீ வரவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. பை உடுப்பிலேயே ஆடினார்கள். ஜெபே ஒரு பையைத் திறந்து பழைய ஜனாதிபதியைக் காட்டி, "பெரிய மனுசர் ஒருத்தராவது நேர்ல வந்திருக்காரு" என்றாள்.

சாஃபா உன் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். "அப்படி யாரும் இங்க இல்ல" என்றார்களாம். உன் அறையும் பூட்டியிருந்ததாம். அவர் என்னிடம் இதைச் சொல்லும்போது கையைப் பிசைந்தார். என்ன ஆயிற்று?

இன்னொன்று. பெரியவர் பாலத்துக்காக நகரத்துக்கு மனு போட்டார். பதில் வந்தது: "மேற்படி பாலம் 15.11.1986 அன்று திறந்து வைக்கப்பட்டுவிட்டது. எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை." படித்துவிட்டு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கவலையோடு
அக்கா


வாட்டர்லூ
15 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன், பயப்படாதே. முகவரி மாறிவிட்டது; உன் கடிதத்தைப் பழைய வீட்டுக்காரிதான் இங்கே அனுப்பி வைத்தாள். வாட்டர்லூவில் ஒரு பெண்கள் பள்ளியில் தட்டச்சு சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடும்போது பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். இங்கே கூரை ஒழுகுவதில்லை.

நவம்பர் 15 பிற்பகல் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. வழியில் நேரமாகிவிட்டது, கோலாஹுனில் இறங்கவில்லை என்று சொன்னார்கள். கோலாஹுன் தாளைக் கிழித்துவிட்டு வேறு அடிக்க வேண்டும். அன்று எனக்குக் கடுமையான தலைவலி. அவ்வளவுதான்.

பிறகு விசாரணை நடந்தது. வெளியே சொன்னால் எல்லாருக்கும் அவமானம் என்பதால் சத்தமில்லாமல் நடந்தது. ஃபோனை எடுத்தது யார் என்று கேட்டார்கள். டெக்கர் ஐயா, "எனக்குக் காது கேக்கறதில்ல, நானா இருக்கும்" என்றார். அதற்கு மேல் நான் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்து நின்றேன். அவருடைய பென்ஷன் பிழைத்தது. கடிதம் எழுதாததற்குக் காரணம், உன் கல்யாணம் முடியும் வரை இது உனக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தேன். தெரிந்தால் சந்தோஷமாக ஆடியிருக்க மாட்டாய்.

ஆனால் பாலத்தை நான் நினைக்கவில்லை, அக்கா. அந்தத் தாளில் பாலமும் இருந்தது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஊரின் பாலம் போனதற்கு நான்தானே காரணம்? நான் எந்த முகத்தோடு வருவேன்? பெரியவருக்குத் தெரியுமா?

யேமா


கோலாஹுன்
22 மார்ச் 1987

அன்புள்ள யேமா டீச்சருக்கு,

அக்காவும் அத்தானும் நலம். நீ நலம் என்று தெரிந்த அன்று சாஃபா பானையைக் காலி செய்தார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

பெரியவரிடம் உன் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு தாளக் கிழிச்சிருந்தா மட்டும் பாலம் வந்திருக்குமா?" என்றார். பிறகு அவரே, "வந்திருக்காது. நாந்தான் வருஷம் பூரா அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார்.

மறுநாள் கோடரியோடு முதல் ஆளாகக் காட்டுக்குப் போனது அவர்தான். அந்த உடம்போடு! ஊரே பின்னால் போனது. பெண்டூமாக்காரர்களும் அந்தக் கரையிலிருந்து மரம் இழுத்தார்கள். "அதான் போன வருஷமே பாலம் தெறந்தாச்சே?" என்று அவர்கள் கேட்டதற்கு, "அது ஜனாதிபதிக்கு. இது லாரிக்கு" என்றார் பெரியவர். சாப்பிடாமல் எழுந்து போன அந்தப் பையன்களும் வந்தார்கள். எல்லாரையும்விட அதிகம் தூக்கியவர்கள் அவர்கள்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. அதில் ஒருவன் வேலை முடிந்த அன்றே எல்லை தாண்டிப் போய்விட்டான். யாரையோ சந்திக்கப் போகிறானாம். அவன் அம்மாவிடம்கூட யார் என்று சொல்லவில்லை. அது மட்டும் என் மனதில் கிடக்கிறது.

நேற்று பாலம் முடிந்தது. பெரிய மரங்கள், மேலே பலகை. சிவப்பு நாடாவை ஜெபே தலையில் கட்டிக்கொண்டாள், அதனால் வெட்ட எதுவும் இல்லை. சாஃபா வண்டியை மெதுவாக ஏற்றினார். பெரியவர் முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "வா, வா, இடது பக்கம்" என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். மரம் முனகியது, தாங்கியது. அந்தக் கரை போய்ச் சேர்ந்ததும் நான் அழுதேன், வெட்கமில்லாமல், எல்லார் முன்னாலும்.

ஆகவே உங்கள் ரேடியோ சொன்னது இனிமேல் பொய் இல்லை. கோலாஹுனில் பாலம் இருக்கிறது.

பள்ளி விடுமுறை எப்போது என்று தெரியாது, ஆனால் வெள்ளிக்கிழமை காலை வண்டி உன் வாசலில் நிற்கும். வர மாட்டேன் என்றால் ஹாரன் அடிப்பார், அவர் அடிப்பதை நீ கேட்டதில்லை. அன்று உனக்கு உண்மையிலேயே தலைவலி இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். உன் முகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டில், என் புருஷனோடு, உனக்குச் சோறு போட வேண்டும். ஏறி வா.

உன்
அக்கா டென்னே